வாய்ப்பூட்டும் என் பித்தப்பையும்

கடவுள் மனுஷனுக்கு வாயைக் கொடுத்தது மூடி வைப்பதற்காகத்தான் என்று மனதார நம்புகிற ஒரே ஒரு ஆள் இந்தப் பூமியில் உண்டென்றால், அவர் மந்தாரக்குப்பத்தில் இருக்கிறார். பெயர் எனக்குத் தெரியாது. அவருக்குச் சம்பளம் போடுகிறவர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம். நெய்வேலி நகரியத்தில் எந்த பிளாக்கில் போய் ‘வாய்ப்பூட்டு’ என்று சொன்னாலும் சரி, வயிற்றில் ஒரு தையலாவது வாங்கிய ஆள் உடனே முகத்தைச் சுளிப்பார்.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு மாடி நர்சிங் ஹோம். அதில் ஆபரேஷன் வார்டு அட்டெண்டர் அவர். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை, உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டிய கைக்கடிகாரம். ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும்தான் அவருக்குக் கொடுத்த வேலை. அவராக எடுத்துக்கொண்ட வேலை வேறு. மறுநாள் ஆபரேஷன் என்று முடிவான ஆளின் வாய்க்குள் காற்றைத் தவிர எதுவும் போகாமல் காவல் காப்பது.

காரணம் நியாயமானதுதான், அதை நான் மறுக்கவில்லை. முழு மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் சாப்பாடு இருந்தால் அது மேலே ஏறி, நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். உயிர் போகிற விஷயம். அதனால்தான் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்பதற்கு டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வாய்ப்பூட்டு அந்தக் கணக்கை வாங்கி, இரண்டால் பெருக்கி, அதற்கு மேல் தன் பங்குக்கு ஐந்து மணி நேரம் சேர்த்துக்கொள்வார். காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன் என்றால் முதல் நாள் மாலை நாலு மணி டீயோடு உங்கள் கதை முடிந்தது. ராத்திரி இட்லியோடு வருகிற மனைவிமார்களை மாடிப்படியிலேயே மறித்து, டிபன் கேரியரை வாங்கி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். பெயர் வந்த வழி அதுதான்.

ஆபரேஷன் அன்று காலை பல் விளக்கவும் விடமாட்டார். பேஸ்ட் இனிக்கிறதாம். இனிக்கிற எதுவும் வயிற்றுக்குள் போய்ச் சேராமல் இருக்காதாம். ஒரு அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கட்டிலில் கிடந்த புருஷன் நெற்றியில் விபூதி பூசிவிட்டு, மிச்சத்தில் ஒரு சிட்டிகையை அவர் நாக்கில் போட்டுவிட்டார். வாய்ப்பூட்டு பாய்ந்து வந்து பஞ்சை எடுத்து அந்த மனுஷன் நாக்கைத் துடைத்திருக்கிறார். வாய் கொப்பளிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீரை அவர் நம்பமாட்டார். அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

“சாமி வெளியில இருந்துகினு காப்பாத்தட்டும்மா. உள்ள வோணாம்” என்று சமாதானம் சொன்னாராம்.

நர்சிங் ஹோமுக்குக் கீழே ஒரு பரோட்டாக் கடை உண்டு. சாயங்காலமானால் கொத்து பரோட்டா போடுகிற சத்தம் மாடி வரைக்கும் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் பட்டினி கிடக்கிறவனுக்கு எச்சில் ஊறும், எச்சிலை விழுங்கினால் வயிறு நிறையும் என்று வாய்ப்பூட்டுக்கு ஒரு கண்டுபிடிப்பு. நேராகக் கீழே போய், ஆபரேஷன் இருக்கிற நாட்களுக்கு முந்தின சாயங்காலம் தட்டாமல் கொத்த முடியுமா என்று பரோட்டா மாஸ்டரிடம் கேட்டிருக்கிறார். மாஸ்டர் கையிலிருந்த தகரத்தை அவரிடம் நீட்டி, நீங்களே கொத்திக் காட்டுங்கள் என்று சொன்னாராம். அதற்குப் பிறகு வார்டு ஜன்னல்களைச் சாத்திவிட்டார். மே மாதத்தில், நெய்வேலி வெயிலில்.

அவரிடம் கேள்வி ஒன்றுதான், அதை மூன்றாகப் பிரித்துக் கேட்பார். கடைசியாக வாயில் என்ன போனது, எப்போது போனது, எங்கே உட்கார்ந்துகொண்டிருந்தபோது போனது. முதல் இரண்டுக்கும் எல்லோரும் பதில் தயாராக வைத்திருப்பார்கள். மூன்றாவது எதற்கு என்று யாருக்கும் புரியாது. பொய் சொல்ல வருகிறவன் இடத்தை மட்டும் யோசித்து வைத்திருக்கமாட்டான் என்பது அவர் விளக்கம். போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவர், வழி தவறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார் என்று சுரங்கத்தில் எங்கள் செக்‌ஷனில் சொல்லிச் சிரிப்போம்.

இவருக்குச் சரியான ஆளாக வந்து சேர்ந்தார் ஒரு மயக்க மருந்து டாக்டர். கடலூரிலிருந்து ஆபரேஷன் நாட்களில் மட்டும் ஸ்கூட்டரில் வந்துபோகிற இளம் பெண். ஊர் அவரை மயக்க டாக்டரம்மா என்றுதான் சொல்லும். வந்த முதல் வாரமே வார்டுச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். எண்ணெய், நெய், கறி என்று கனமாகச் சாப்பிட்டால் எட்டு மணி நேரம். இட்லி மாதிரி லேசான சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம். வெறும் தண்ணீர் என்றால் ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தாராளமாகக் குடிக்கலாம்.

வாய்ப்பூட்டு அந்தத் தாளின் முன்னால் நின்ற நிலையை நேரில் பார்த்த நர்ஸ் ஒருத்தி எனக்குச் சொன்னாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்று தரம் படித்தாராம். பிறகு டாக்டரம்மாவிடம் போய், இரண்டு என்பது பன்னிரண்டாக இருக்க வேண்டும், முன்னால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்றாராம். இல்லை, இரண்டுதான் என்று அவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். தண்ணீர் வயிற்றில் தங்காது, சீக்கிரம் இறங்கிவிடும், ரொம்ப நேரம் காயப்போட்டால் நோயாளிக்குத் தலைசுற்றல், குமட்டல், சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் ஆபத்து என்றெல்லாம்.

“நீங்க புக்குல படிச்சிருப்பீங்க டாக்டரம்மா. வாந்தியத் தொடைக்கிறவன் நானு” என்றாராம் வாய்ப்பூட்டு.

டாக்டரம்மா கடலூருக்குக் கிளம்பிப் போனதும் அந்தத் தாளின் மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே கேட்டவன்தான். என் மச்சான் விழுந்த அன்றைக்குத்தான் சிரிப்பு நின்றது. மச்சான் என்றால் என் மனைவி வசந்தியின் அண்ணன், மந்தாரக்குப்பத்திலேயே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர், பழைய சர்க்கரைக்காரர். கழுத்தில் தைராய்டு கட்டி, அதற்கு ஆபரேஷன். முதல் நாள் ராத்திரி வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டார். மாத்திரை போட்ட கையோடு சாப்பிட வேண்டும். இட்லி வந்தது. இட்லி பீரோவுக்குள் போனது. டாக்டரம்மா சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறார் என்று மச்சான் மனைவி மன்றாடியிருக்கிறார். வாய்ப்பூட்டு காது கொடுக்கவில்லை. விடியும்போது மச்சான் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, பாத்ரூம் வாசலில் சரிந்துவிட்டார். குளுக்கோஸ் ஏற்றித்தான் ஆளை எழுப்பினார்கள். ஆபரேஷன் தள்ளிப்போனது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் மைன்ஸில் கன்வேயர் செக்‌ஷன், பெர்மனென்ட். யூனியனுக்கு மனு எழுதி எழுதிக் கை பழகியவன். இரண்டு பக்கத்துக்கு ஒரு புகார் எழுதினேன். படிக்காத மனுஷன், மூட நம்பிக்கை, கொலைகாரத்தனம் என்று எதையும் விடவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டு, பிளாக் நம்பர், குவார்ட்டர்ஸ் நம்பர் எல்லாம் எழுதி, நர்சிங் ஹோம் முதலாளி கையிலேயே கொடுத்தேன். அடுத்த வாரம் வாய்ப்பூட்டு மாடியில் இல்லை. கீழே டோக்கன் கவுண்டரில் உட்கார வைத்திருந்தார்கள். நோயாளிகள் பெயரை எழுதி டோக்கன் கொடுப்பது, செருப்பு கலைந்து கிடந்தால் ஒழுங்காக வைப்பது. மாடி ஏறக் கூடாது என்று உத்தரவு. அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன். அவ்வளவு திருப்தி எனக்கு.

அப்புறம் என் பித்தப்பையில் கல் வந்தது.

அதே நர்சிங் ஹோம், அதே மயக்க டாக்டரம்மா, முழு மயக்கம், காலை ஒன்பது மணி. ராத்திரி லேசாக ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது, காலையில் அட்மிட் ஆனால் போதும் என்றார்கள். எனக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். ஒரு நாள் முன்பே லீவ் போடு என்று வசந்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு கல்லுக்குப் பயந்து ஷிப்ட்டை விட்டான் என்று செக்‌ஷனில் பேச்சு வரும், அதனால் போனேன்.

இந்த இடத்தில் நைட் ஷிப்ட்காரன் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் சாயங்காலம் தூங்கி எழுந்து, ஒரு டம்ளர் டீயோடு வீட்டிலிருந்து கிளம்பிவிடுவான். அவனுடைய ராத்திரி சாப்பாடு கேன்டீனில், நாலு மணி சுமாருக்கு. அது விடிகாலை என்று ஊர் சொல்லும். எங்களுக்கு அது ராத்திரிதான். ஷிப்ட் முடிந்து, வீட்டுக்கு வந்து, தூங்கி எழுந்தால்தான் எங்களுக்கு மறுநாள். முப்பது வருஷமாக நான் அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறேன். டாக்டர் சொன்னபடியே அன்றைக்கும் ராத்திரி சாப்பாட்டை முடித்தேன். அதற்குப் பிறகு வாயில் எதையும் வைக்கவில்லை, ஆறு மணிக்கு அரை டம்ளர் தண்ணீரைத் தவிர. என் மனசாட்சி அவ்வளவு சுத்தம்.

ஷிப்ட் முடிந்து, வீட்டில் குளித்து, வசந்தியின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து நர்சிங் ஹோம் போய்ச் சேர்ந்தேன். கவுண்டரில் அவர். என் முகத்தைப் பார்த்தார். ராத்திரியெல்லாம் விழித்த கண், சிவந்திருந்தது.

“நைட் ஷிப்ட்டா சார்? கடைசியா வாயில இன்னா...”

“டோக்கன் மட்டும் போடுங்க” என்றேன். “அந்தக் கேள்வி கேக்குற வேலை இப்ப உங்களுது இல்ல.”

அவர் எழுதிக் கொடுத்தார். நான் நிமிர்ந்த தலையோடு மாடி ஏறினேன். நர்ஸ் கேட்டாள், நேற்று ராத்திரி சாப்பிட்டதுதானே கடைசி என்று. ஆமாம் என்றேன். குறித்துக்கொண்டாள். பச்சை அங்கியை மாட்டி, ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, தியேட்டர் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். வசந்தி பக்கத்தில் நடந்து வந்தாள்.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம். வாய்ப்பூட்டு மூச்சு வாங்க ஓடி வந்து, தியேட்டர் கதவுக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் நடுவில் நின்றுகொண்டார். மாடிக்கு வரக் கூடாது என்று நர்ஸ் அதட்டியதை அவர் காதில் வாங்கவே இல்லை. சத்தம் கேட்டு டாக்டரம்மா உள்ளேயிருந்து வெளியே வந்தார். இந்த ஆளை முதலில் வெளியே அனுப்புங்கள், சொந்தப் பகையைத் தீர்க்க வந்திருக்கிறார் என்று படுத்தவாறே கத்தினேன்.

வாய்ப்பூட்டு கத்தவில்லை. குனிந்து என் முகத்துக்கு நேராக, ஏதோ ஊர் சமாச்சாரம் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

“கேன்டீன்ல இன்னைக்கு இன்னா போட்டாங்க சார்?”

“பொங்கலும் வடையும்” என்றேன்.

முப்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அங்கே இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். வசந்தி தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அது ராத்திரி சாப்பாடு, அது ராத்திரி சாப்பாடுதான் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கே பைத்தியக்காரன் பேச்சாகக் கேட்டது. நாலு மணிக்கு நெய்ப் பொங்கல், ஒன்பது மணிக்கு மயக்க ஊசி. கதவு திறந்து உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை டாக்டரம்மா எனக்கு விளக்கவில்லை. நர்ஸ் குறித்து வைத்திருந்த தாளை வாங்கி, ‘நேற்று ராத்திரி’ என்பதை அவர் இரண்டு தரம் அடித்ததைப் பார்த்தேன், அது போதும்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று வாய்ப்பூட்டிடம் கேட்டார்.

“நானு பன்னெண்டு வருசம் கான்ட்ராக்ட்ல அந்தக் கேன்டீன்ல தட்டு கழுவுனவனுங்க. நைட் ஷிப்ட்டு ஆளுங்க நாலு மணிக்குத் துன்னுட்டு, ராத்திரி துன்னேன்னுதான் சொல்லுவாங்க. இவரு பேரு எழுதுனதுலேர்ந்து மனசு கேக்கல.”

எட்டு மணி நேரம் என்றால் பன்னிரண்டு. ஒரு மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். பொங்கல் என்பதால் சாயங்காலம் ஆறு மணிதான் பத்திரம் என்று வாய்ப்பூட்டு பேரம் பேசினார். டாக்டரம்மா அசையவில்லை. நாளையிலிருந்து நீங்கள் மாடியிலேயே இருங்கள், கேள்வி உங்களுடையது, கணக்கு என்னுடையது என்று சொன்னார். அதற்கு அவர் சந்தோஷப்படக்கூட இல்லை. ஒரு மணி என்பது அவருக்கு அவ்வளவு கசந்தது.

என்னைத் திரும்ப வார்டில் கொண்டுவந்து போட்டார்கள். அவமானத்தில் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டேன். வாய்ப்பூட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் இருமினால் எழுந்து பார்த்தார், புரண்டால் எழுந்து பார்த்தார். எரிச்சலாக இருந்தது. உயிரைக் காப்பாற்றியவர் என்றால் கொஞ்சம் எட்டி உட்கார்ந்து காப்பாற்றக் கூடாதா?

பத்தரை மணி சுமாருக்கு எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு டம்ளர் தண்ணீர். அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் உள்ளே விஷம் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும்.

“பதினோரு மணி வரிக்கும் குடிக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிகினுகீறாங்க. எனக்கு இதுல இஷ்டம் இல்ல. ஆனாலும் குடிங்க. உங்க மச்சானுக்கு ஆன மாதிரி ஆவக் கூடாது.”

குடித்தேன். ஒவ்வொரு வாய்க்கும் அவர் தொண்டை ஏறி இறங்கியது. மச்சான் பேச்சை அவரே எடுத்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உங்கள் மேல் புகார் எழுதியது நான்தான் என்று சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“தெரியும்ங்க. மொதலாளி படிச்சுக் காமிச்சாரு. கொலைகாரத்தனம்னு எழுதினு இருந்தீங்க. அன்னைக்கு நான் பண்ணது தப்புதான், அந்த மனுசன் என் கண்ணு எதிர்லயே வுழுந்தாரு.”

“தெரிஞ்சும் எதுக்கு எனக்காக மேல ஓடி வந்தீங்க?”

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “பொங்கல் துன்னுட்டு வந்து படுத்துகினு இருக்கீங்களே சார்” என்றார்.

ஒரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கதவு வரைக்கும் அவர்தான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார். டாக்டரம்மா எண்ணச் சொன்னார், ஐந்து வரை எண்ணியது நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது வார்டில் கிடந்தேன். வாயெல்லாம் காய்ந்து, வயிற்றில் மூன்று இடத்தில் சுருக்கென்றது. வசந்தி குனிந்து பார்த்தாள், அழுதாள், அப்புறம் நல்லபடியாக முடிந்தது என்றாள். கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினாள். மணி மூன்றரையாகியிருந்தது. கதவோரம் வாய்ப்பூட்டு நின்றுகொண்டிருந்தார்.

“அந்த அண்ணன் காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல” என்றாள் வசந்தி மெல்ல. “நானும் எத்தனையோ தரம் சொல்லிட்டேன். நீங்க கண் முழிக்கட்டும்னுட்டாரு. எப்பவுமே அப்படித்தானாம். வார்டுல யாரு வெறும் வயித்தோட கிடந்தாலும் இவரும் சாப்பிட மாட்டாராம். நர்ஸ் சொல்லுச்சு. எங்க அண்ணன் விழுந்த அன்னைக்கும் சாப்பிடலையாம்.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆபரேஷன் செய்துகொள்ளாத ஆள் எதற்குப் பட்டினி கிடக்க வேண்டும்? எந்த ஊர் டாக்டர் கணக்கிலாவது அது உண்டா? வடிகட்டின முட்டாள்தனம். புகாரில் எழுதாமல் விட்டுவிட்டேனே என்று தோன்றியது. நாக்கு குழறிக்கொண்டிருந்தபோதே, முதலில் அந்த ஆளுக்கு ஏதாவது வாங்கிக் கொடு என்றேன். மயக்கம் தெளிந்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று வசந்தி இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறாள்.

அவள் நாலு இட்லி வாங்கி வந்தாள். எனக்கு இன்னும் ஒரு வேளைக்கு எதுவும் கிடையாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாய்ப்பூட்டு பொட்டலத்தைப் பிரித்தார், என்னைப் பார்த்தார், அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு ஆசை வந்துவிடக் கூடாதாம். நின்ற வாக்கிலேயே, சத்தம் வராமல், அவசர அவசரமாக நாலையும் தின்றார். வியர்வையில் காக்கிச் சட்டை ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஒல்லி முதுகையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவருக்கு விக்கல் வந்தது. கொஞ்சம் மெதுவாகச் சாப்பிடுங்கள் அண்ணே என்றேன்.